கிழக்கு முதலில், வடக்கு பிறகு

திருக்கோகர்ணம்
16.6.2024

மதிப்பிற்குரிய பரிமளா டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் கேட்டது விளையாட்டுக்கா, உண்மையாகவா என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். "இத்தன வருசம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல ஒக்காந்திருந்தோம். அந்தச் சுருட்டி வச்ச தாள்ல என்னதான் இருக்குன்னு ஒரு நாளும் காட்டலையே சார்" என்றீர்கள். உண்மையாகக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு இரண்டு நிலவரைபடத் தாள்களைக் கலர் நகல் எடுத்து அனுப்புகிறேன். முதல் தாளில் உங்கள் வல்லத்திராக்கோட்டை இருக்கிறது. இரண்டாவதில் சித்தன்னவாசல் பக்கம். விளையாட்டாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும். அலமாரித் தட்டில் விரித்துக்கொள்ளலாம், தாள் கெட்டியானது.

போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்றீர்கள். எனக்குப் போனில் பேச்சே வருவதில்லை. கடிதம் இருவருக்கும் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

தாளில் பழுப்பு நிறத்தில் வளைந்து போகும் கோடுகள் சம உயரக் கோடுகள். அப்படி ஒரு கோட்டின் மேலேயே நடந்து போக முடிந்தால் நீங்கள் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். கோடுகள் நெருங்கி இருந்தால் அங்கே செங்குத்துச் சரிவு. விலகி இருந்தால் மெல்லிய சரிவு. நம் மாவட்டத்தில் கோட்டைத் தேடத்தான் வேண்டும். இந்தத் தாளில் கோட்டுக்குக் கோடு இருபது மீட்டர் உயர வித்தியாசம். அதற்குள் அடங்கிவிடும் மேடுபள்ளங்களை வரைபடம் சொல்லாது. நம் ஊர்களின் மேடுபள்ளம் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான். நீலம் கண்மாய். சிறிய சிவப்புக் கட்டம் வீடு.

தாளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டக் கோடுகளை எண்ணி இடத்தைக் குறிப்பிட ஆறு இலக்க முறை ஒன்று உண்டு. பயிற்சித் தாள் ஒன்றும் கவரில் வைத்திருக்கிறேன். விதிகளை அதன் அடியில் எழுதியிருக்கிறேன். எழுத்து சிறியதாகிவிட்டது. அவசரமில்லை.

தங்கள்
உதயசூரியன்


வல்லத்திராக்கோட்டை
30.6.2024

அன்புள்ள சார்,

பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். மார்க் போடுங்கள். உங்கள் கவரை முதலில் பிரித்தது என் தம்பி முத்துராமன். நான் வயலுக்குப் போயிருந்தேன். அடுத்த வீடு என்பதால் தபால்காரர் அவனிடம் கொடுத்துவிட்டார். "யக்கா, ஒனக்கு யாரோ கொஸ்டின் பேப்பர் அனுப்பியிருக்காங்க. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஃபெயிலாப் போயிராத" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

எங்கள் ஊரை இப்படிப் பார்த்ததே இல்லை. பிறந்தது இங்கேதான், என் வீட்டுக்காரர் இறந்த பிறகு திரும்பி வந்து முப்பது வருஷமாக இருப்பதும் இங்கேதான், ஆனால் வீடுகள் ஏன் கண்மாய்க் கரைக்குப் பக்கவாட்டில் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன என்று யோசித்ததில்லை. தாளை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். மழை பெய்தால் தண்ணீர் நிற்காத மேடு அந்த ஒரு திட்டுதான். நீங்கள் சொல்கிற இருபது மீட்டர் கோடு அதைச் சொல்லவில்லை, என் கால் சொன்னது. ரோட்டோரம் வரிசையாக நிற்கும் வீடுகள் இந்தத் தாளில் இல்லவே இல்லை. அவை எல்லாம் பிள்ளைகள் துபாய், சிங்கப்பூர் போன பிறகு முளைத்தவை. பாதியில் ஆள் இல்லை.

என் மகன் ரகுநாத்தும் மஸ்கட்டுக்கு வா வா என்கிறான். பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.

நம் பி.இ.டி. மாஸ்டர் உங்களைச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? "பேருதான் உதயசூரியன். உதிக்கிறதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர்ட்ட பர்மிஷன் கேப்பாரு." அன்று நானும் சிரித்தேன். இப்போது இந்தத் தாளின் ஓரங்களை நீங்கள் மடிப்பு விழாமல் ஒட்டி அனுப்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

பரிமளா


திருக்கோகர்ணம்
14.7.2024

மதிப்பிற்குரிய டீச்சர்,

மிகவும் நன்று. கண்மாய்க்குப் பக்கவாட்டு மேட்டை நடந்து கண்டுபிடித்தது, நான் பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு மாணவரும் செய்யாதது. நான்காவது கேள்வியில் ஒரு சிறிய விஷயம் உண்டு. பெரிதல்ல. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

அடுத்த பாடம் இரண்டாம் தாளில். சித்தன்னவாசல் குன்றைப் பாருங்கள். சுற்றிலும் ஒன்றும் இல்லாத வெளியில் நீளவாக்கில் ஒரு பாறை. கோடுகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். குன்றின் தென்கோடியில் மட்டும் அவை விரிந்து இறங்குகின்றன. வயதானவர்கள் போகத் தக்க இடம் அது. கோடுகள் மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் அது நீர் இறங்கும் பள்ளம். தாழ்வை நோக்கிக் கூரானால் புடைத்து நிற்கும் மேடு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எனக்கே சில நாள் சந்தேகம் வந்து நீலக் கோடு போகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்வேன்.

பி.இ.டி. மாஸ்டர் சொன்னதில் தவறில்லை. நீங்கள் சிரித்ததிலும் இல்லை.

மஸ்கட் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையா என்று தெரியவில்லை.

தங்கள்
உதயசூரியன்


வல்லத்திராக்கோட்டை
22.9.2024

அன்புள்ள சார்,

உங்களுடைய ஆறு பாடங்களும் முடிந்துவிட்டன. இனி என்ன செய்வது?

ரகுநாத் டிசம்பரில் வருகிறான். மருமகள் ரம்யா உண்டாகியிருக்கிறாள். "அம்மா, இந்தத் தடவ நீ கூட வரணும். வீட்டப் பூட்டு, இல்லன்னா மாமாகிட்டக் குடு. எனக்கு ஒரு பதில் சொல்லு" என்கிறான். நியாயம்தான். ரம்யாவின் அம்மாவும் வரத் தயாராக இருக்கிறார்கள். நான் போகாவிட்டால் அவர்கள் போவார்கள். போனால் நான் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிற ஆள் இல்லை, எனக்கே தெரியும். ஒரு வீட்டில் என்னை வேண்டும் என்று சொல்லிவிட்டால் அங்கேயே வேர் விட்டுவிடுவேன்.

இங்கே என்னை யார் வேண்டும் என்கிறார்கள் என்று யோசித்தேன். தம்பி அன்பானவன், ஆனால் அவனுக்குக் குடும்பம் இருக்கிறது. மாலையில் நான் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் நேரம் ஒன்றுதான் என்னுடைய நேரம்.

நான் போகவா, இருக்கவா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். முறையா இல்லையா என்று யோசிக்காமல் எழுதுங்கள்.

பரிமளா


திருக்கோகர்ணம்
27.10.2024
(பதிவுத் தபால்)

மதிப்பிற்குரிய பரிமளா டீச்சர் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுதி எழுதிக் கிழித்தேன். உங்கள் கையிலேயே சேரவேண்டும் என்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என் மனைவி இறந்த பிறகு ஓசூரில் இருக்கும் மகள் கார்த்திகா கூப்பிட்டும் நான் போகவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. இந்த நான்கு மாதமாக, தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். இதை எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது.

உங்களிடம் நேரில் ஒன்று கேட்க வேண்டும். நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஓரிடத்தில் நிற்பேன். இரண்டாம் தாளில் 342387. இடத்தின் பெயரை எழுத வெட்கமாக இருக்கிறது. இளம் ஜோடிகள் பைக்கில் போகும் ஊர் அது. இந்த வயதில் அந்தப் பெயரை எழுதி உங்களை வரச் சொல்ல எனக்கு முடியவில்லை. எண்ணாக எழுதினால் இன்னொரு பயிற்சி போல இருக்கும் என்று ஒரு தைரியம்.

நான் கேட்கப்போவது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருப்பமில்லை என்றால் பதில் எழுத வேண்டாம், வரவும் வேண்டாம். நீங்கள் வராததையே பதிலாக எடுத்துக்கொள்வேன். பிறகு ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். உங்களுக்கு எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

உதயசூரியன்


வல்லத்திராக்கோட்டை
17.11.2024

சார் அவர்களுக்கு,

மஸ்கட் போவதாக முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் திருச்சியிலிருந்து விமானம். வரைபடத் தாள்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் பயன்படும். பொறுமையாகச் சொல்லித் தந்ததற்கு நன்றி.

பரிமளா


திருக்கோகர்ணம்
24.11.2024

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கடிதமும் தாள்களும் கிடைத்தன. தங்கள் முடிவை முழுமனதோடு ஏற்கிறேன். மகனோடு இருப்பதுதான் எல்லா வகையிலும் நல்லது. போகும் நாடு மலைகள் நிறைந்தது, மரங்கள் குறைவு. வெயிலில் வெளியே போகும்போது கவனம் தேவை. பயணம் நலமாக அமையட்டும்.

தங்கள்
உதயசூரியன்


மஸ்கட்
6.4.2025

சார்,

இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. ஒரு புல் கிடையாது. மாலை வெயில் சாய்வாக அடிக்கும்போது மடிப்பு மடிப்பாக நிழல் விழுந்து, யாரோ பழுப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனது போல இருக்கிறது. எது பள்ளம், எது புடைப்பு என்று என்னை அறியாமல் பார்க்கிறேன். பிறகு உங்கள் மேல் கோபம் வருகிறது. அதனால் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

ஏன் வரவில்லை?

அன்றைக்கு நான் போனேன். எங்கள் ஊர் பீட்டரின் ஆட்டோவைப் பேசிக்கொண்டு, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கட்டிய அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். தாளில் எண்ணிப் பார்த்து அந்த இடத்தில் முன்னமே புள்ளி வைத்திருந்தேன். கண்மாய்க் கரை, அய்யனார் கோயில். சித்தன்னவாசல் தாளில் போய் இந்த இடத்தை ஏன் பிடித்தார் என்று ஆச்சரியம்தான். இளம் ஜோடிகள் இங்கேயா பைக்கில் வருகிறார்கள் என்று சிரிப்பும் வந்தது. சாமி கும்பிட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரிந்துதான் வந்தேன். பதிலும் தயாராக இருந்தது. நீங்கள் திக்கித் திணறினால் நானே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பீட்டருக்கு விஷயம் தெரியாது. தெரிந்தும் இருக்கலாம். "டீச்சர், இங்கிட்டு ஒரு மனுசன் கெடையாது. மண்ணு குதிரதான் நிக்கிது" என்றார். இரு, வருவார் என்றேன். மழை தூற ஆரம்பித்தது. "ஏறுங்க டீச்சர். வாரவரு வந்தா நனைஞ்சுக்கிட்டே வரட்டும். நீங்க ஏன் நனையிறீங்க?" என்றார். பொழுது சாய்ந்த பிறகுதான் ஏறினேன்.

இதோடு விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. திரும்பும் வழியில் திருக்கோகர்ணத்தில் ஆட்டோவை உங்கள் தெருவுக்குள் விடச் சொன்னேன். உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயம். உங்கள் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "சாரு மத்தியானமே கெளம்பிப் போயிட்டாருங்களே. பையும் கொடையுமா போனாரு" என்றார்கள். பயந்துபோய் ஓசூருக்கு மகள் வீட்டுக்கு ஓடிவிட்டார் என்று முடிவு செய்தேன். கூப்பிட்டுவிட்டு ஓடிவிட்டார். அப்புறம் முழுமனதோடு ஏற்கிறேன் என்று வேறு எழுதுகிறார்.

கோபம் எழுதித் தீர்ந்துவிட்டது. காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.

பரிமளா


திருக்கோகர்ணம்
4.5.2025

பரிமளா டீச்சர்,

உங்கள் கடிதத்தில் அய்யனார் கோயில் என்று படித்தவுடன் தாளை எடுத்து விரித்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. நீங்கள் பென்சிலால் வைத்த புள்ளி அங்கே இருந்தது. நீங்கள் திருப்பி அனுப்பிய தாளை நான் இதுவரை விரித்தே பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

ஆறு இலக்கத்தில் முதல் மூன்றைக் கிழக்கு நோக்கி எண்ண வேண்டும், பிறகு மூன்றை வடக்கு நோக்கி. நீங்கள் வடக்கை முதலில் எண்ணியிருக்கிறீர்கள். பூகோளப் படத்தில் அட்சரேகையை முதலில், தீர்க்கரேகையைப் பிறகு சொல்லிப் பழகியவர்கள் எல்லோரும் செய்வதுதான். எண்கள் இடம் மாறியதில் புள்ளி தென்கிழக்கே நகர்ந்துவிட்டது. நான் நின்றது சித்தன்னவாசல் குன்றின் தென்கோடியில், கோடுகள் விரியும் இடத்தில். உங்களுக்கும் எனக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் சொச்சம்.

இதைவிடச் சொல்லக் கடினமானது ஒன்று இருக்கிறது. நீங்கள் இப்படித்தான் எண்ணுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் முதல் பயிற்சியில் நான்காவது கேள்விக்குத் தபால் நிலையம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஓடைகள் கூடும் இடம் என்று எழுதியிருந்தீர்கள். பையன்கள் என்றால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். உங்கள் கையெழுத்தின் மேல் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன். பிறகு வந்த பயிற்சிகளில் எண் குறிப்பு இல்லை. நான் மறந்துபோனேன். இல்லை, உங்கள் எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லும் நாளை நினைத்துப் பார்ப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால் கடிதத்தில் சொல்லி முடித்துவிட விரும்பவில்லை.

நான் ஓடவில்லை. மத்தியானமே கிளம்பியது பஸ் தவறிவிடுமோ என்று. பையில் இருந்தது ஒரு பிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும். மழை அங்கும் வந்தது. காவலாளி, "பெரியவரே, கேட்டப் பூட்டணும். யாருக்காகவாச்சும் நிக்கிறீங்களா?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். இருட்டில் மெயின் ரோட்டுக்கு நடந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். நீங்கள் என் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்ற நேரத்தில் நான் பாறையடியில் உங்களுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

எண்ணைத் தவறாகப் படித்திருப்பீர்களோ என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவன் நான். ஆனால் என்னை ஒருவர் வேண்டாம் என்றால் அதை மட்டும் சரிபார்க்காமல் நம்பிவிடுகிறேன்.

பரிமளா, அன்றைக்குக் கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன். என்னோடு இருப்பீர்களா? பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, ஊர் அறிய. உங்கள் மகனுக்கும் தம்பிக்கும் நானே எழுதுகிறேன், நானே வந்து பேசுகிறேன். வாருங்கள். விருப்பமில்லாவிட்டால் வர வேண்டாம் என்று இந்த முறை எழுதப் போவதில்லை. வாருங்கள்.

உதயசூரியன்


மஸ்கட்
8.6.2025

அன்புள்ள உதயசூரியன் சார்,

இங்கே வீட்டுக்குத் தபால் வராது. ஆபீஸ் பெட்டிக்கு வந்ததை ரகுநாத் கொண்டுவந்தான். "யாரும்மா இது?" என்றான். எங்கள் ஸ்கூல் ஜாகரபி சார் என்றேன். "ஏம்மா, அவருக்கு வாட்ஸ்அப் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆஸ்பத்திரி ஏன் என்று சொல்கிறேன். ரம்யாவுக்கு ஏப்ரல் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம். பிறந்த அன்றே ரம்யாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல், பிறகு பக்கவாதம் போல ஒன்று வந்து, வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை. பேச்சு குழறுகிறது. தேறுவாள், வருஷக் கணக்காகும் என்கிறார்கள். அவள் அம்மா ஒரு மாதம் இருந்தார்கள், விசா முடிந்து போய்விட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டி, பாலைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ரம்யாவின் இடது பக்கம் படுக்க வைக்கிறேன். அந்தப் பக்கத்தில்தான் அவளுக்குத் தொட்டால் தெரிகிறது. ரகுநாத் வேலையை விட்டால் மருத்துவக் காப்பீடு போய்விடும். இதை விட்டுவிட்டு நான் வர மாட்டேன். விட்டுவிட்டு வருகிற பரிமளாவை நீங்களும் இரண்டு நாளில் சகிக்க மாட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். எண்ணைத் தலைகீழாகப் படித்தது நான். சிறிய எழுத்தில் இருந்த விதியைப் படிக்கக் கண்ணாடியைத் தேடச் சோம்பல். ஆகவே உங்கள் மேல் முழுப் பழியும் போட மாட்டேன். ஆனால் சார், நான் போகவா இருக்கவா என்று உங்களிடம் நேராகக் கேட்டேன். 'இரு' என்பது இரண்டு எழுத்து. அது ஒரு கார்டில் வந்திருந்தால் எந்தக் கண்மாய்க் கரைக்கும் நான் போக வேண்டியிருந்திருக்காது. எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று வராமல் இருக்க வழி வைத்தீர்கள். நான் அந்த வழியைக் கேட்கவே இல்லை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளிடம் எந்த ஊர் பஸ் ஏறினார் என்று இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். "வெயிட் பண்ணிப் பாப்பமா டீச்சர், கடசி பஸ்ஸு வாரவரைக்கும்?" என்று பீட்டர் கேட்டார். வேண்டாம், விடு வண்டியை என்றேன். அந்தத் தெருவில் ஆட்டோ திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

வாருங்கள் என்று எழுதிவிட்டீர்கள். டீச்சர் என்ற வார்த்தையை விட்டுவிட்டு என் பெயரை எழுதிவிட்டீர்கள். என் பெயரை அப்படி எழுத இப்போது உலகத்தில் வேறு ஆள் இல்லை.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம். ஓசூரில் கார்த்திகா கூப்பிட்டால் போங்கள். மழைக்காலத்துக்குள் போங்கள், உங்கள் வீட்டில் ஒழுகும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வீர்களே. நான் இனி எழுத மாட்டேன். எழுதினால் இந்த வீட்டில் எனக்கு வேலை ஓடாது.

நீங்கள் இருட்டும்வரை நின்றீர்கள் என்று தெரிந்துகொண்டதே எனக்குப் போதும் என்று எழுதி முடிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

போதவில்லை, சார்.

பரிமளா